வைகாசியில் கணவரின் மணிவிழா, வீட்டில் இரண்டு பரிமாற்ற மாணவியர்: திருக்கடையூரா, கோவையா?

சிங்காநல்லூர்வாசி எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் பராபவ ஆண்டு வைகாசி மாதம் அனுஷ நட்சத்திரத்தில் பிறந்தவர். அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து அதே பராபவ ஆண்டு திரும்பி வந்திருப்பதால், வைகாசி அனுஷத்தன்று மணிவிழாவை நடத்தியே தீர வேண்டும் என்று என் மாமியார் உறுதியாக இருக்கிறார். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மகனுடைய அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. என் கணவரோ மோட்டார் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருப்பவர். தம்மை நடுவில் உட்கார வைத்து நாலு பேர் பார்ப்பதென்றாலே கூச்சப்படுகிறவர். "நாற்பது பேருக்கு மேல் அழைத்தால் நான் பட்டறைக்குப் போய்விடுவேன்" என்று இப்போதே சொல்லிவிட்டார். மாமியாரின் பட்டியலில் முந்நூறு பேர் இருக்கிறார்கள்.

இதுமட்டுமென்றால் எங்கள் வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம். எங்கள் மகன் கனடாவில் வேலைக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்ததால், ரோட்டரி இளையோர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலிருந்து வந்த பதினேழு வயது மாணவி ஒருத்தியை மார்ச் மாதம் முதல் வீட்டில் வைத்திருக்கிறோம். சென்ற ஆகஸ்ட் மாதம் கோவைக்கு வந்த அவளுக்கு நாங்கள் மூன்றாவது குடும்பம். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரிலிருந்து வந்த இன்னொரு மாணவியை ஏற்றிருந்த குடும்பம் மே மாதத்தில் வெளிநாடு போவதால், அவளும் சில வாரங்களுக்கு எங்களோடு இருப்பாள். இருவரும் ஜூன் இறுதியில் ஊர் திரும்புகிறார்கள். ஆகவே மணிவிழா நாளில் இருவரும் எங்களுடன்தான் இருப்பார்கள்.

என் கவலைகள் இவை. திருக்கடையூருக்கு அழைத்துச் சென்றால் கோயிலுக்குள் அவர்களை விடுவார்களா? விடவில்லையென்றால், சடங்கு முடியும்வரை அந்நிய ஊரில் இரண்டு பெண் பிள்ளைகளை யார் பொறுப்பில் விட்டுவிட்டு நான் மனையில் உட்காருவது? கத்திரி முடிந்த கையோடு வரும் நாள் என்பதால் வெயிலும் கடுமையாகத்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்று உறவினர்கள் சுற்றி நின்று படம் எடுப்பதும், முடியைத் தொட்டுப் பார்ப்பதும், "சாம்பார் பிடிக்குமா" என்று ஆளுக்கொரு முறை கேட்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் விழாவில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும், வேடிக்கைப் பொருளாக இருக்கக் கூடாது. இப்படி ஒரு விழாவையும் இப்படிப்பட்ட பொறுப்பையும் ஒன்றாகச் சமாளித்தவர்கள் இருந்தால் உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

காவிரிக்கரையான் எழுதிய பதில்:

நான் மயிலாடுதுறைக்காரன். கேட்டு வருகிற உறவினர்களுக்கெல்லாம் திருக்கடையூர் ஏற்பாட்டைச் செய்து கொடுத்துப் பழகியவன் என்பதால், அந்த ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மார்க்கண்டேயருக்காக ஈசன் காலனை உதைத்த தலம் என்பதால் ஆயுள் விருத்திச் சடங்குகளுக்கு அங்கே தனிச் சிறப்பு. முகூர்த்தம் பார்க்காமல் ஆண்டு முழுவதும் நடக்கும். ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது பிறக்கும்போது உக்ரரத சாந்தி, அறுபது முடிந்ததும் சஷ்டியப்தபூர்த்தி என்கிற மணிவிழா, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைத் தாண்டியதும் சதாபிஷேகம் என்று ஒரே நாளில் பல தம்பதியர் பிரகாரத்தில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். பக்கத்து ஹோமத்தின் புகை உங்கள் கண்ணில்தான் வந்து விழும். அந்தக் கூட்டத்திலும் ஓர் அழகு உண்டு என்று நான் நினைப்பவன். கோபூஜை, கஜபூஜை முடித்து, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று வசதிக்கேற்பக் கலசம் வைத்து, பிறகு அபிஷேகம், மாங்கல்யதாரணம், சுவாமி அம்பாள் சந்நிதிகளில் தரிசனம் என்று அரை நாள் போய்விடும்.

மாணவியரைப் பொறுத்தவரை நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. பழனி கோயில் தொடர்பான வழக்கில் 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து அல்லாதவர்களுக்குக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதி இல்லை என்று பலகை வைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. இறைவன்மீது நம்பிக்கை உண்டு, வழிபாட்டு மரபுகளைப் பின்பற்றுவேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுப்பவர்களை அனுமதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் ஊருக்குத் திரும்பினால் தேவாலயத்துக்குப் போகிற பிள்ளைகளிடம், அல்லது எதற்குமே போகாத பிள்ளைகளிடம், விழாவுக்காக அப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. திருக்கடையூர் தருமபுர ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள கோயில். எதுவானாலும் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் நிற்கும் தரகர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வதை நம்பிப் போக வேண்டாம்.

அப்படியும் போவதென்றால் ஒரு வழி இருக்கிறது. கோயிலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது; உள்ளே அருங்காட்சியகமும் உண்டு. சாக்சனியிலிருந்து வந்த மாணவி என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்க் அதே சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊர்க்காரர். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். அவர் 1718இல் கட்டி முடித்த தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. பொறுப்பான பெண் உறவினர் ஒருவரைத் துணைக்கு அனுப்பி, காலை வெயில் ஏறும் முன் அதைச் சுற்றிப் பார்க்கச் செய்யலாம். ஆனால் சடங்கு நேரத்தில் அவர்கள் உங்கள் அருகில் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், திருக்கடையூரில் அது நிச்சயமில்லை.

கோவையிலிருந்து மயிலாடுதுறைக்குப் பகல்நேர ஜன் சதாப்தி ரயில் இருக்கிறது. முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கும்; மே மாத விடுமுறைக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே பெட்டியில் இடம் வேண்டுமென்றால் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

முன்னாள் ஒருங்கிணைப்பாளர் எழுதிய பதில்:

வணக்கம் அம்மா. பரிமாற்ற மாணவர்களை ஏற்கும் குடும்பங்களோடு பல காலம் பணியாற்றியவன் நான். மணிவிழா எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்; எங்கே நடந்தாலும் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

கோவையை விட்டு வெளியே இரவு தங்குவதாக இருந்தால், மாணவியரின் பெற்றோரிடமும் ரோட்டரி மாவட்டப் பரிமாற்றக் குழுவிடமும் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். பெற்றோர் வாட்ஸ்அப்பில் "சரி" என்று அனுப்பிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. எந்த ஊர், எந்த விடுதி, யார் துணை, எப்போது திரும்புவது என்று குறிப்பிட்டு உங்கள் ரோட்டரி மன்றத்தின் ஆலோசகரிடம் சில வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கடவுச்சீட்டு, விசா, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்களோடு அசலும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டவர் தங்குவதை இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. விடுதியில் தங்கினால் விடுதிக்காரர் செய்வார். பிரேசில் மாணவி உங்கள் வீட்டுக்கு மாறி வரும்போது அது உங்கள் கடமை. அவளுடைய முகவரி மாற்றத்தையும் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். விழாப் பரபரப்பில் முதலில் மறந்துபோவது இதுதான்.

இரண்டாவது, படுக்கை. நம் வீட்டு விசேஷம் என்றால் ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் உறவினர்கள் முதல் நாள் மாலையே வந்துவிடுவார்கள். அறைகளைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு இளையவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பது நமக்கு இயல்பு. பரிமாற்ற மாணவிக்குச் சொந்தப் படுக்கையும் தனிமையும் உறுதியாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை நிபந்தனை. "ஒரே ஒரு ராத்திரிதானே, பெரியத்தை கட்டிலில் படுத்துக்கொள்ளட்டும்" என்ற பேச்சு கட்டாயம் எழும். உறவினர்களுக்கு அருகில் இரண்டு விடுதி அறைகள் எடுத்துவிடுங்கள். மாணவியரின் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கட்டும், சாவி அவர்களிடம் இருக்கட்டும்.

மூன்றாவது, படங்கள். ஜெர்மன் மாணவிக்குப் பதினேழு, மற்றவளும் பதினெட்டைத் தொட்டிருக்க மாட்டாள். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் அவர்களது படத்தைப் போடக் கூடாது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் முன்பே உங்கள் கணவர் பெயரில் ஒரு செய்தி அனுப்புங்கள். விழா நாயகரே சொன்னால் மறுப்பு குறைவாக இருக்கும். குடும்பப் படம் ஒன்றை ஒளிப்படக்காரர் எடுக்கட்டும். அதில் அவர்கள் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

வாகனம் ஓட்டக் கூடாது, மது கூடாது, போதைப்பொருள் கூடாது, காதல் கூடாது என்ற நான்கு விதிகள் அவர்களுக்குத் தெரியும். உங்கள் உறவுக்கார இளைஞர்களுக்குத் தெரியாது. "ஸ்கூட்டி ஓட்டிப் பார்க்கிறாயா" என்று அன்போடு சாவியை நீட்டும் ஒரு மச்சான் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்; அவரை முன்பே அடையாளம் கண்டு சொல்லிவையுங்கள்.

பேரூரார் எழுதிய பதில்:

அம்மையாருக்கு வணக்கம். பிள்ளைகளுக்குக் கோயிலில் அனுமதி கிடைக்குமா என்பதைவிட, எண்பது கடந்த உங்கள் மாமியாரை மே மாதக் கடைசியில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அழைத்துப் போவது பற்றித்தான் எனக்குக் கவலை. தாய் உயிரோடிருந்து மகனின் மணிவிழாவைக் காண்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அந்த நாளில் அவர் ரயில் களைப்பிலும் பிரகாரத்து வெக்கையிலும் சோர்ந்து போனால், எந்தத் தலத்தில் நடத்தினாலும் நிறைவு இராது.

கோவையிலேயே நடத்துங்கள். வீட்டில் இடம் போதாவிட்டால் அருகில் சிறிய மண்டபம் ஒன்று பாருங்கள். காலை ஐந்து மணிக்குக் கலசம் வைத்துக் கணபதி ஹோமம் தொடங்கினால், நவக்கிரக ஹோமம், ஆயுள் ஹோமம் முடித்து ஏழு மணியளவில் அபிஷேகத்துக்கு வந்துவிடலாம். தம்பதியர் ஈர உடை மாற்றிக் கூறைப்புடவையும் வேட்டியும் உடுத்தி வந்து, மாங்கல்யம் பூட்டி, மாலை மாற்றி, ஆசி வழங்கி எட்டரைக்குள் எழுந்துவிடலாம். வெயில் சுள்ளென்று அடிக்கும்போது எல்லாரும் இலையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த நேரக் கணக்கைப் புரோகிதரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அன்று காலை அவர் இன்னொரு கிருகப்பிரவேசத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்றால் எல்லாம் குலைந்துவிடும்.

வடமொழி மந்திரம்தான் வேண்டும் என்பதில்லை என்றால், தேவாரமும் திருவாசகமும் ஓதித் தமிழ்முறையிலும் நடத்தலாம். தமிழ்வழி வழிபாட்டைப் பேரூர் ஆதீனம் நெடுங்காலமாக முன்னெடுத்து வருவதால் இந்தப் பக்கத்தில் அப்படிச் செய்துவைப்பவர்களுக்குக் குறைவில்லை. ஓராண்டு தமிழ் கேட்டுப் பழகிய மாணவியருக்கும் ஓதுவார் பாடுவதில் நாலு சொல்லாவது பிடிபடும்.

மாணவியர் விழாவில் வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்றீர்கள். தம்பதியரை அமர்த்திக் கலச நீரை உற்றாரும் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக ஊற்றுவதுதான் மணிவிழாவின் உயிரான பகுதி. உங்கள் மகன் கனடாவிலிருந்து வர முடியுமோ முடியாதோ, வீட்டில் வளரும் பிள்ளைகள் என்ற முறையில் அந்த இரண்டு பெண்களும் ஊற்றட்டும். இரத்த உறவினர் மட்டுமே ஊற்ற வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் நண்பர்களும் தொழிலாளர்களும் ஊற்றிய மணிவிழாக்களை இந்தக் கொங்கு நாட்டிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரின் பட்டறைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர் பழகிய முகங்களுக்கு நடுவில்தான் இயல்பாக இருப்பார்.

காலில் விழுவது பற்றி ஒன்று. மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்று விழுந்து ஆசி வாங்கும்போது, இவர்கள் விழுந்தாலும் சரி, கைகூப்பினாலும் சரி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சபையில் வைத்துத் தலையைப் பிடித்துக் குனியச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

சிங்காநல்லூர்வாசி எழுதிய பதில்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பேரூர் ஐயா எழுதியதை மாமியாருக்கு அப்படியே படித்துக் காட்டினேன், நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் அபிராமிக்கு என்ன பதில் சொல்வது?" என்று மட்டும் கேட்டார். திருக்கடையூர் அம்மனுக்கு அவர் நேர்ந்துகொண்டிருக்கிறார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. அனுஷம் மே மாதக் கடைசியில் வருகிறது. கணவரின் ஆங்கிலப் பிறந்தநாள் ஜூன் முதல் வாரத்தில். இதை ஜெர்மன் மாணவியிடம் விளக்கியபோது அவள் முகம் மாறிவிட்டது. பிறந்தநாளுக்கு முன்பே வாழ்த்துவது அவர்கள் ஊரில் ஆகாதாம். அறுபது என்கிற பெரிய பிறந்தநாளை முன்கூட்டிக் கொண்டாடுவதா என்று உண்மையிலேயே பதறினாள். பிரேசில் பிள்ளைக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. நாள் எதுவானாலும் இனிப்பு யார் செய்வது என்றுதான் அவள் கேட்டாள்.

வடவள்ளி அம்மா எழுதிய பதில்:

சகோதரி, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் வீட்டில் இருந்த ஜெர்மன் மாணவனும் இப்படித்தான். என் பிறந்தநாளுக்கு முந்தின இரவு கேக்கை மேசையில் வைத்துவிட்டு, நள்ளிரவு தாண்டும்வரை வாயைத் திறக்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாளையும் வைத்துக்கொள்ளுங்கள். அனுஷத்தன்று நடப்பது ஆயுளுக்கான சாந்தியும் தம்பதியருக்கான கல்யாணமும். அதைப் பிறந்தநாள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லாமல், உங்கள் இருவருடைய திருமணம் மறுபடி நடக்கிறது என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதானே. ஜூன் தேதியை மாணவியரிடமே விட்டுவிடுங்கள். ஜெர்மனியில் பிறந்தநாள்காரர்தான் அலுவலகத்துக்கும் நண்பர்களுக்கும் கேக் கொண்டுபோவார். உங்கள் கணவர் பட்டறைக்கு ஒரு பெட்டி வாங்கிப் போகட்டும். மேடை இல்லை, மாலை இல்லை என்பதால் அவருக்கு அந்த நாள் கூடுதலாகவே பிடிக்கும் என்று தோன்றுகிறது.

பிரேசில் பெண்ணுக்குச் சமையலறையைத் திறந்துவிடுங்கள். பிறந்தநாள் என்றால் அவர்களுக்குப் பிரிகதேரோ உருண்டை இல்லாமல் ஆகாது. நம் அடுப்பில் செய்யக்கூடியதுதான், முட்டையும் இல்லை. மில்க்மெய்ட் ஒரு டின், வெண்ணெய் ஒரு கரண்டி, கோகோ தூள் மூன்று நான்கு கரண்டி. அடிகனமான வாணலியில் சிறுதீயில் கைவிடாமல் கிளற வேண்டும். வாணலியைச் சாய்த்தால் மொத்தமும் ஒரே கட்டியாக நகர்ந்து அடி தெரிய வேண்டும். அல்வாப் பதத்துக்குச் சற்று முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறியதும் கையில் வெண்ணெய் தடவிச் சிறு நெல்லிக்காய் அளவு உருட்டிச் சாக்லேட் துருவலில் புரட்டுவார்கள். கோவை வெயிலில் உருகும் என்பதால் பரிமாறும்வரை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். உங்கள் மாமியாரை அருகில் உட்கார வைத்துக் கிளறச் சொன்னால் பதம் தவறாது.

வெயிலைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். ஏப்ரலைத் தாண்டிய பிள்ளைகள் மே மாதத்தையும் தாண்டிவிடுவார்கள். ஹோமப் புகைதான் பழக்கமில்லாதது. ஆஸ்துமா இருக்கிறதா என்று மருத்துவப் படிவத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, கதவோரம் நாற்காலி போட்டுக் கொடுங்கள். பட்டுப்புடவை கட்டிவிட வேண்டும் என்று நாத்தனார்கள் துடிப்பார்கள். பருத்திப் பாவாடை தாவணி போதும். தீக்கு அருகில் நடமாடும்போது தாவணி முனையை இடுப்பில் செருகிவிடுங்கள். நீர்மோரும் பானகமும் அவரவர் எடுத்துக் குடிக்கும்படி ஒரு மேசையில் இருக்கட்டும். ஐஸ் போட்டால் மட்டும் அது சுத்திகரித்த நீரில் செய்ததா என்று விசாரியுங்கள்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "தீட்டு நாளா?" என்று எந்தப் பெரியம்மாவும் அந்தப் பெண்களிடம் நேரடியாகக் கேட்க விடாதீர்கள். கேட்பார்கள், நம் பெண்களிடமும் கேட்கிறார்கள்தானே. கலச நீர் ஊற்ற வருவதும் வராததும் அவர்கள் விருப்பம், காரணத்தை யாரும் கேட்கக் கூடாது என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

நேர்த்திக்கடன் எழுதிய பதில்:

பேரூரார் சொன்ன ஏற்பாட்டில் எனக்கு ஒரே ஒரு மாறுபாடு. மாமியார் அபிராமிக்கு நேர்ந்துகொண்டது உண்மையென்றால், "வயதாகிவிட்டது, வெயில் அதிகம்" என்று அதை ஒரேயடியாக ஒதுக்கிவிடக் கூடாது. வேண்டுதலை நிறைவேற்றாத உறுத்தல் ஒரு நாள் களைப்பைவிட அந்த வயதில் கூடுதலாக வருத்தும். மணிவிழாவைக் கோவையில் முடித்துவிட்டு, மாணவியர் ஊர் திரும்பிய பிறகு வேறொரு மாதம் அனுஷ நட்சத்திரத்தன்று தம்பதியரும் மாமியாரும் மட்டும் திருக்கடையூர் சென்று, அர்ச்சனை செய்து, காலசம்ஹார மூர்த்தியைத் தரிசித்து வாருங்கள். எந்த மாதம் போகலாம் என்று குடும்பப் புரோகிதரைக் கேளுங்கள்.

காவிரிக்கரையான் எழுதிய பதில்:

நேர்த்திக்கடன் சொல்வது நல்ல யோசனை. ஐப்பசியும் கார்த்திகையும் மட்டும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் அடைமழை, சில நாள் சாலையே தெரியாது. தை பிறக்கட்டும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் முன்கூட்டிக் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நடுப்பகலில் பிரகாரத்துக் கருங்கல் காலைச் சுடும், ஆகவே தை மாதமானாலும் காலை தரிசனமே நல்லது.

சிங்காநல்லூர்வாசி எழுதிய பதில்:

முடிவு செய்துவிட்டோம். வைகாசி அனுஷத்தன்று விடியற்காலையில் எங்கள் தெருக்கோடியிலுள்ள சிறு மண்டபத்தில் மணிவிழா. கணவரின் நாற்பதும் மாமியாரின் முந்நூறும் பேரம் பேசி எழுபதில் வந்து நின்றன. அதில் பட்டறைக்காரர்கள் அடக்கம். தை மாதம் மாமியாரோடு திருக்கடையூர். இந்த ஏற்பாட்டை அவரே தம் வாயால் உறவினர்களுக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கிவிட்டதால், இனி யாரும் என்னிடம் கேள்வி கேட்க முடியாது.

மாணவியர் கலச நீர் ஊற்றுவதில் புரோகிதருக்கு மறுப்பு இல்லை. "அப்பாவுக்கு ஊற்றுவதுபோல மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள், சிலர் பழிவாங்குவதுபோல ஊற்றுகிறார்கள்" என்றார். திருமணம் மறுபடி நடக்கிறது என்று சொன்னதும் ஜெர்மன் பெண்ணின் தயக்கம் போய்விட்டது. அப்படியானால் மணப்பெண்ணுக்குத் தோழியர் வேண்டுமே என்று இருவரும் தங்களைத் தாங்களே நியமித்துக்கொண்டார்கள். என் கூறைப்புடவையை எடுத்துத் தருவதும், ஈரம் மாற்றும் அறையின் வாசலில் காவல் நிற்பதும், மாலையைத் தட்டில் ஏந்தி வருவதும் இனி அவர்கள் வேலை. இரண்டு விடுதி அறைகளுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, படம் பற்றிய செய்தியும் கணவர் பெயரில் குழுவில் போயிற்று. சின்ன நாத்தனார் மட்டும் கோபித்துக்கொண்டு இதுவரை பதில் போடவில்லை.

விருந்துக்கான பட்டியலைத் தனி இழையில் கேட்கிறேன். மாமியார் இருபத்தொரு வகை என்கிறார். சமையல்காரர் எழுபது பேருக்கு அத்தனை வகை கட்டுப்படியாகாது என்கிறார். பிரேசில் பெண் தன் உருண்டையும் இலையில் இடம்பெற வேண்டும் என்கிறாள்.